இடது பின்கதவு

பார்வதிபுரம் பாலம் இறங்கியதும்
கண்ணாடி மாளிகை.
உள்ளே குளிர், காப்பி, "இரிங்க சிஸ்டர்."
நான் சீருடையில் இல்லை.
எப்படியோ தெரிந்துவிடுகிறது,
மாதச் சம்பளம், லோன் உடனே பாஸாகும் என்று.

பையன் பெயர் லிபின், முளகுமூடு.
"நம்ம பக்கமாக்கும்" என்றான்.
நம்ம பக்கம் என்பதால்
கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம்
பென்சிலால் பெருக்கல்குறி இட்டுத் தந்தான்.
படிக்க வேண்டிய இடங்களில்
அவன் விரல் இருந்தது.

விலை ஒன்று. அதன்மேல்
தரைவிரிப்பு, மினுக்குப் பூச்சு,
கையாளும் கட்டணம்.
யார் கை, எப்படி ஆண்டது என்பதெல்லாம் பிறகு.
இன்ஷூரன்ஸ் அங்கேயே எடுக்க வேண்டுமாம்.
"வெளிய எடுத்தா வண்டி லேட்டாவும் சிஸ்டர்."
வெளியே எடுக்கவில்லை.
வண்டி லேட்டாயிற்று.

ஆடியில் வேண்டாம் என்றார்கள்.
நாங்கள் ஆடி பார்ப்பதில்லை என்றேன்.
அப்படியென்றால் ஓணத்துக்கு.
ஓணம் போயிற்று.
"வள்ளியூர் வந்தாச்சு" என்றான் ஒரு வியாழன்.
நான்கு வியாழன்
வள்ளியூரிலேயே நின்றது என் கார்.
ஆரல்வாய்மொழிக் காற்று
எதிரே நின்று தள்ளுகிறதோ என்னவோ.

பிறகொரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள்.
சிவப்புத் துணி, ரிப்பன்,
அட்டையில் செய்த ஆளுயரச் சாவி.
கேக்கில் விஜிலாவை விஜயாவாக்கியிருந்தார்கள்.
துணியின் ஒரு முனை ததேயுஸ் கையில்,
மறு முனை மகள் கையில்.
கைதட்டல்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன்.
பழக்கம்.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி,
தீக்காய வார்டில் பதினோரு வருஷம்.
ஒட்டிய தோலுக்கும் சொந்தத் தோலுக்கும் நடுவே
மயிரிழை மேடொன்று உண்டு.
கண் தாண்டிப் போய்விடும்,
விரல் தட்டி நிற்கும்.

இடது பின்கதவில்
விரல் நின்றது.

மறுபடி தடவினேன்.
வெள்ளைக்குள் வேறொரு வெள்ளை.
ரப்பர் விளிம்பில்
அரிசிமணி அளவு உறைந்த பெயின்ட்.
"இது எப்பம் பட்டது?"
நோயாளியிடம் கேட்கும் குரலிலேயே கேட்டுவிட்டேன்.

மேனேஜர் வந்தார்.
"வெளிச்சம் அப்பிடியாக்கும் சிஸ்டர்."
வெளியே உருட்டிக்கொண்டுபோய்ப் பார்த்தோம்.
வெயிலும் அப்பிடியாக்கும் என்றார்.
லிபின் தரையைப் பார்த்தான்.
அவன் கழுத்தில் நரம்பு துடித்தது.
எண்ணிப் பார்த்திருக்கலாம்,
அன்று என் கையில் வாட்ச் இல்லை.

"கதவுதானே, ஓடுமில்லா" என்றார் ததேயுஸ்,
காதோரமாய்.
ஓடும்.
எல்லாந்தான் ஓடும்.
காயத்தைக் காயமென்று
அங்கே ஒரு வாய் சொல்லியிருந்தால்
சாவியை வாங்கியிருப்பேன்.

கேக்கை மட்டும் பெட்டியில் போட்டுத் தந்தார்கள்.
அதற்குக் கட்டணமில்லை.

பணம் திரும்ப நாற்பத்தைந்து வேலைநாள்.
ஞாயிறு கழித்து, இரண்டாம் சனி கழித்து,
கோட்டாறு சவேரியார் திருவிழா
உள்ளூர் விடுமுறை கழித்து,
கணக்கெழுதுபவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போன
மூன்று நாளும் கழித்து,
காலண்டரில் பெருக்கல்குறி போட்டு வருகிறேன்,
பென்சிலால்.

நேற்று டூட்டி முடிந்து
திங்கள்சந்தை பஸ்.
சுங்கான்கடையில் வழக்கம்போல நெரிசல்.
என் ஜன்னலை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.
பின்கண்ணாடியில் முத்தாரம்மன் துணை,
முகப்பில் வாடாத மாலை,
உள்ளே ஐந்தாறு பேர், ஒரே சிரிப்பு.

வெள்ளைக் கார் ஊரில் ஆயிரம் உண்டு.
ஆனாலும் எட்டிப் பார்த்தேன்,
அந்த அரிசிமணியை.
சின்னப் பையன் ஒருவன்
கையை வெளியே தொங்கவிட்டு
கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.
அவன் முழங்கை மறைத்தது.

நெரிசல் அசைந்தது.
முன்சீட்டில் இருந்தவர் தற்செயலாய் நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.
சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது,
நாக்கு வரை வந்தது.

"கைய உள்ள இழு மக்ளே" என்றேன்.