வீட்டில் பேசும் மொழி

என்று கேட்டிருந்த இடத்தில்
ஒரு கோடுதான் போட்டிருந்தார்கள்.
தமிழ் என்று எழுதினேன்.
தாமோதரம் பேனாவை வாங்கி
பக்கத்திலேயே தெலுங்கு என்று
தெலுங்கில் எழுதினார்.
கோடு முடிந்துபோனது.
தறி ஓடும்போது உதடு மட்டும் என்பதை
எங்கே எழுதுவது?

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் சந்தில் நாற்பது தறி.
காலை ஏழு மணிக்குமேல்
யாரும் யாரையும் கேட்பதில்லை,
பார்த்துக்கொள்வோம்.
நூல் அறுந்தது, சோறு ஆறுது,
வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்
எல்லாமே வாயசைவு.
நடை பழகும் முன்பே
யோகிதா இதைப் படித்துவிட்டாள்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை
மினி லாரியின் பக்கக் கண்ணாடி
அவளைத் தட்டிவிட்டுப் போனது.
என் பிள்ளை விழுந்த சத்தம்
எனக்குக் கேட்கவில்லை.
தறி ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பதியில் பதினெட்டு நாள்.
இடது பக்கத் தலையில் முடி இல்லை.
வலது கை யாரோ மறந்துவிட்டுப்போன பொருள்போல
போர்வைமேல் கிடந்தது.
பேச்சு இல்லை.
எட்டு வயசுதானம்மா, என்றார் டாக்டர்,
நேர் வழி அடைபட்டாலும்
சுற்று வழி பிடித்து வந்து சேரலாம்.
எப்போது என்று கேட்டேன்.
ஸ்கேன் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து
ஏற்கெனவே பார்த்ததையே
மறுபடியும் பார்த்தார்.

செவ்வாய்தோறும் திருத்தணி பஸ்.
ரெஹானா மேடம் அட்டைகளைப் பரப்புவார்,
கிளி, ஆப்பிள், கப்பல்.
எங்கள் ஊருக்குக் கப்பல் வந்ததில்லை மேடம்.
அப்படியானால் வீட்டில் இருப்பதைக் காட்டுங்கள்,
ரெண்டு பாஷையும் பேசுங்கள்,
கேட்டுவிட்டு
மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்,
நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

எண்ணினேன்.
சீப்புக்குப் பத்து. முருங்கைக்கீரைக்குப் பத்து.
அப்பாவின் லுங்கிக்கு, பல்லிக்கு,
பாதி தின்ற முறுக்குக்கு.
தூக்கத்திலும் எண்ணியதாக
தாமோதரம் சொன்னார்.

கார்த்திகையில் ஒரு மதியம்
பாபினைத் தூக்கிக் காட்டி
இது தண்ணியா என்றேன், வேண்டுமென்றேதான்.
தறிச் சத்தத்தில் என் குரல்
எனக்கே கிடைக்கவில்லை.
அவள் உதடு அசைந்தது.
சரியாக அப்போது கரண்ட் போனது.
நாற்பது தறியும் தடுமாறி நின்றன.
அவளுக்கு மட்டும் நிறுத்தத் தெரியவில்லை,
வெட்டவெளியில் வந்து விழுந்தது குரல்:
காது.

டார்ச்சுக்கு ஓடினேன்.
வலிக்குதாடா, எறும்பு போச்சா, சீழா,
வலது காது, இடது காது,
தழும்புக்குக் கீழே, மடலுக்குப் பின்னால்.
தறிக்கு அந்தப் பக்கமிருந்து
எண்ணெய்க் கையோடு வந்தார் தாமோதரம்.
உங்க காது இல்லடி,
எங்க காது.
இல்லேங்கறா.
அது தண்ணி இல்லேங்கறா.
சொல்லிக்கொண்டே
கழிவு நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது வருஷக் குடித்தனத்தில்
இரண்டும் ஒரே சத்தம் என்று
அன்றுதான் கவனித்தேன்.
அவள் தலையை ஆட்டவில்லை.
கை காதுக்கும் போகவில்லை.
யாருக்குச் சொன்னாள் என்று
நாங்கள் இரண்டு பேரும்
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
இடது கையால் டார்ச்சைத் தள்ளிவிட்டாள்.

கரண்ட் வந்தது.
முதலில் மூலைவீட்டுத் தறி, அப்புறம் எல்லாம்.
பாபினைக் கீழே வைத்துவிட்டு
சொம்பைத் தூக்கிக் காட்டினேன்.
ஒன்று.
இரண்டு.