நான்காவது நாடா

லைப்சிக் பழம்பொருள் சந்தை.
மழைக்குப் பயந்து அவள் விலையைக் குறைத்தாள்,
வாங்கிவிட்டேன்.

கறுப்பு வெள்ளை, இரும்புச் சிலுவை.
அடுத்ததில் குட்டி வாள்கள்: ஆள் முன்வரிசையில் நின்றிருக்கிறான்.
நீலம், வருடம் தள்ளியதற்கு.
முகப்பில் வெளுத்தவை
முதுகில் புதுசாய் இருந்தன. நல்ல அடையாளம்.

நான்காவது செம்மஞ்சள்
எந்தப் பட்டியலிலும் இல்லை.
புற ஊதா விளக்கில் மற்றவை இருண்டு கிடக்க
இது மட்டும் எரிந்தது.
போருக்குப் பிந்தைய நூல். போலி.

திட்டத்தான் ஹில்ட்ரூட் அம்மையாரை அழைத்தேன்.
"அதுவா? என் சடை ரிப்பன்.
அங்கிருந்ததை அப்பா பிய்த்து
அடுப்பில் போட்டார்.
பல் விழுந்த வாய்போல இருந்தது,
நான்தான் தைத்தேன்."

எதைப் பிய்த்தார் என்றேன்.
உங்கள் பக்கம் மழையா என்றாள்.

அட்டையில் 'போலி'யை அடித்துவிட்டு
'சடை ரிப்பன், அசல்' என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்:
எதற்காக வழங்கப்பட்டது.