உங்கள் பெயரில்

முதல் இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு டொலர்.
மாதத்துக்கு.
இரண்டாவதில் இருநூற்று எண்பத்தேழு,
ஆனால் முன்கண்ணாடி வெடித்தால் என் பாடு.
மூன்றாவது இன்னும் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறது.
போனை அரிசி வாளியில் சாய்த்துவிட்டு
வெங்காயம் உரிக்கிறேன்.

உங்கள் அழைப்பு எமக்கு முக்கியம் என்கிறது இடைக்கிடை ஒரு குரல்.
பதினேழாவது நிமிடம்.
இவ்வளவு நேரம் ஒருவருக்கு நான் முக்கியமாய் இருந்து
கனகாலம்.

பிறகு ஒரு பெண் வந்தாள். குரலில் தடிமன்.
பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொன்னாள்.
சத்தியரூபியின் பாதியில் நிறுத்தி
முடிந்ததா என்றாள்.
இன்னும் கிடக்கு, தங்கச்சி, பொறு.

என்ன கார்?
கொரோலா. பதினாலாம் ஆண்டு. சாம்பல்.
இரவில் எங்கே நிற்கும்?
ஸ்காபரோவில், எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கீழே,
இரண்டாம் நிலவறையில், தூணோடு ஒட்டி.
தூணில் காரின் பெயிண்ட் கொஞ்சமும்
காரில் தூணின் மஞ்சள் கொஞ்சமும் இருப்பதை
நான் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை.
வேலைக்கு எவ்வளவு தூரம்?
போக பதினொரு கிலோமீட்டர். பாண் பேக்டரி, இரவு ஷிப்ட்.
குளிர்கால டயர்?
உண்டு. அதற்கு ஐந்து வீதம் கழிவாம்.
ஜனவரி மாதத்தின் மேல் முதல்முறையாய்
ஒரு சின்னப் பட்சம் வந்தது.

திருமணமானவரா?

பிரிந்து, என்றேன்.
விசைப்பலகைச் சத்தம். ஒன்பது தட்டு.
ஒரு வருஷம் முழுக்கச் சனம் கதைத்ததை
அவள் இரண்டு செக்கனில் முடித்துவிட்டு
அடுத்ததுக்குப் போனாள்.

எத்தனை வருஷம் இன்சூரன்ஸ், உங்கள் பெயரில்?

பதினாலு வருஷமாய் ஓட்டுறன்.
உங்கள் பெயரில், என்றாள் மறுபடி, தன்மையாகத்தான்.

அவர் குடித்த கலியாண வீடுகளிலிருந்தெல்லாம்
திரும்பி ஓட்டினது நான்.
பின் சீற்றில் பிள்ளைகள் நித்திரை,
முன் சீற்றில் அவர் நித்திரை,
நானூற்றொன்றில் உறைமழை,
வைப்பரில் ஐஸ் கட்டி
கண்ணாடியில் ஒரு கையகலம்தான் தெரியும்.
என் பெயரைச் சேர்த்தால் காசு கூடுமென்று
பத்திரத்தில் சேர்க்காமலே விட்டவர்.

கணினி பூச்சியம் என்று காட்டுகிறது, மன்னிக்கவேணும்.

விபத்து பூச்சியம், டிக்கெட் பூச்சியம்:
அவை நல்ல பூச்சியங்களாம்.
இது வேறு சாதி.
நானூற்று முப்பத்தாறு.
வெங்காயம்தான் காரணம் என்று
வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, சொல்லவும் தேவையில்லை.

சனிக்கிழமை, புரோக்கர் மனோகாந்தனிடம் போனேன்.
இடியப்பக் கடைக்கு மேல்மாடி. படியெல்லாம் சம்பல் மணம்.
கல்குலேற்றரை என் பக்கம் திருப்பி,
குரலைத் தணித்து:
அக்கா, ஸ்டீல்ஸ் றோட்டுக்கு அங்காலை
ஆற்றையும் விலாசம் இருக்கோ?
றோட்டைக் கடந்தா எண்பத்திரண்டு டொலர் குறையும்.

இருக்கிறது. தம்பி வீடு. இரண்டு கார் விடுகிற கராஜ்.
போன மார்ச்சில் மூன்று கிழமை
அங்கே சோபாவில் படுத்தேன்.
மருமக்கள் எழும்புமுன் போர்வையை மடித்து
மெத்தையைத் தட்டி நிமிர்த்தி,
ஒருவரும் படுக்காத சோபாவாக்கிவிட்டு
பாத்ரூமில் போய் இருப்பேன்.

இல்லை தம்பி. கார் நிற்கிற இடத்தையே போடுங்கோ.

அவர் பெருமூச்சு விட்டு, வேறு கொம்பனிகளைத் துழாவி,
டிடக்டிபிளை ஆயிரமாக்கி,
முந்நூற்று எழுபத்தொன்பதுக்கு இறக்கினார்.
இடித்தால் முதல் ஆயிரம் உங்கடை, விளங்குதோ?
விளங்குது.
இதுவரை இடித்ததெல்லாம் முழுசாய் என்னுடையதுதானே.

பிரிண்டர் இரண்டு தரம் இருமி
பிங்க் தாளைத் துப்பியது.
ரூபியில் ஒரு எழுத்து இல்லை. திங்கள் திருத்தலாம்.
முதல் ஓட்டுநர்: நான்.
மற்ற ஓட்டுநர்கள்: ஒரு கோடு.
இன்று நள்ளிரவு பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்திலிருந்து
செல்லுபடியாகும்.

அந்த நேரம் பாண் வெட்டுகிற மெசினடியில் நிற்பேன்,
காதில் பஞ்சு, தலையில் வலைத்தொப்பி.
கார் வெளியே பனிக்குள் நிற்கும்.
பத்தரைக்கு அவர் பெயரில் வேலைக்குப் போய்
விடிய ஏழு மணிக்கு
என் பெயரில் திரும்பி வருவேன்.
வழியில் பெற்றோலும் அடிக்கவேணும்.