மேல்கட்டில்

இருளப்பன் வரைகிற படங்களுக்குச்
சட்டம் போடுகிறவன் நான்.
ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பின்சந்தில்,
சிம்கார்டுக் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
ஒரு கதவு அகலம் என் கடை.
எந்தப் படமும் எனக்கு முதலில் நீளம், அகலம்.
அப்புறம்தான் மற்றதெல்லாம்.

குவைத்தில் அவன் வரைந்தவை
உள்ளங்கையைத் தாண்டவில்லை.
பர்வானியாவில் பன்னிரண்டு பேர் அறை.
தலையணைக்கும் சுவருக்கும் இடையில் எது கொள்ளுமோ
அதுதான் ஓவியம்.
நெய் டப்பா மூடி, மாத்திரைப் பெட்டி அட்டை,
ஒன்று விசா நகலின் பின்பக்கம்.
சட்டம் போட்டால் முன்பக்கம் செத்துவிடுமே என்றேன்.
‘அது எப்பவோ செத்துருச்சு, போடுங்க.’

பிறகு மஸ்கட்.
ரூவியில் முதல்முறையாக ஒரு ஜன்னல் கிடைத்ததாம்.
ஜன்னல் நிறைய மலை.
வெந்த செங்கல்லும் இல்லை, காய்ந்த ரத்தமும் இல்லை,
அந்த ஒரு நிறத்துக்கே
மூன்று வருஷம் செலவழித்திருக்கிறான்.
ஒரு படத்திலும் வானம் இல்லை.
கேட்டேன்.
‘வாடகைல அது வரல’ என்றான்.

இங்கே வந்து வில்லாக்களுக்குப் பெயின்ட் அடித்தான்.
வாளிகளின் அடியில் மிஞ்சியதுதான் படங்களுக்கு.
இன்றைக்கும் நிறத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான்.
கடல் என்றால் நானூற்றுப் பன்னிரண்டு.
சாயங்காலம், எழுபத்தெட்டில் ஒரு கரண்டி தண்ணீர்.

அல்கூஸில் பழைய கிடங்கொன்றில் கண்காட்சி வைத்தார்கள்.
நானும் போனேன், ஆணிகளைப் பார்த்துவிட்டு வரலாமென்று.
முத்துமாலை போட்ட ஓர் அம்மா
எல்லாப் படத்திலும் மனிதர்கள்
உச்சியிலிருந்தே தெரிவதைப் பற்றி நிறையப் பேசினார்.
பருந்துப் பார்வை என்றார்.
இல்லாவிட்டால் ஊரில் பனை ஏறியிருப்பீர்களோ என்றார்.
இருளப்பன் மாதுளை ஜூஸைக் கீழே வைத்தான்.
‘ஒம்பது வருஷம் மேல்கட்டில், மேடம்.
கீழ்க்கட்டிலுக்கு அஞ்சு தினார் கூட.’

மேலிருந்து பார்த்தால்
அழுகிறவனுக்கு முகம் கிடையாது.
உச்சிச் சுழி, குலுங்குகிற தோள்,
மடியில் வெளிச்சமாக ஒரு போன்.
பெட்டியைத் திறந்து, அடுக்கி, மூடி,
மறுபடி திறப்பவனின் முதுகு.
தவசி என்று ஒருத்தன் இருந்தானாம், இரட்டைச் சுழி.
ரெண்டு பொண்டாட்டிடா ஒனக்கு என்று
அறையே கேலி செய்யும்.
ஒன்றும் கட்டாமல் சரக்கு விமானத்தில் போனான்.
அவன் மட்டும் பதினேழு படத்தில் இருக்கிறான்.

படங்கள் விற்றன.
அஜ்மானில் கடல் பார்த்த அறை எடுத்தான்,
தரையோடு தரையாக மெத்தை.
நாலு மாதம் எனக்கு வேலை வரவில்லை.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன்:
பிக்கப் கிடைக்குமா?
சஜாவில் ஒரு கேம்ப்பைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.
துருவேறிய இரட்டைக் கட்டில், நாற்பது திர்ஹம்.
லிஃப்டுக்குள் நுழையாமல் படிவழியே ஏற்றி
கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோம்.
ஏறிப் படுத்தான். இறங்கினான். மறுபடி ஏறினான்.
‘கீழ யாராச்சும் இருக்கணும்ணே.’

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் கீழே.
கணக்கு எழுதுவேன்.
மகளோடு பேசி முடித்துச் சும்மா இருப்பேன்,
சில நாள் அப்படியே வெகுநேரம்.
மேலே தூரிகையை டப்பா விளிம்பில் தட்டும் சத்தம்.
நிமிர்ந்து பார்க்கக் கூடாதென்று அவன் சொன்னதில்லை.
நான் பார்த்ததில்லை.

போன வாரம் சட்டம் போட ஒன்று கொண்டுவந்தான்.
நரைத்த தலை. காதில் செருகிய பென்சில்.
முடிக்குள் மரத்தூள்.
சுழி இடப்பக்கமாகச் சுற்றுகிறது.
ஐம்பத்தாறு வயதில் தெரிந்துகொள்கிறேன்.

டேப்பை எடுத்தேன்.
முப்பதுக்கு இருபது.
இன்னொரு முறை அளந்தேன்.