செலவுத் தலைப்பு

நவம்பர் இருபத்து மூன்றில் வந்தது பணம்.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
பிள்ளைத் தலைக்கு அறுநூறென்று
கொழும்பில் யாரோ பெருக்கியிருக்கிறார்கள்.
டிசம்பர் பத்துக்குள் பற்றுச்சீட்டு வேண்டும்,
மிஞ்சினால் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்றார்
கணக்குக் கிளைப் பத்மசீலன்.
அவரும் பாவம்,
அன்றைக்கு முப்பதாவது பள்ளிக்கூடத்துக்கு
அதே வசனத்தைச் சொல்லும் குரல்.

தகரம் எடுக்கலாமா என்றேன்.
தரம் மூன்றுக்கு மேலே ஏழு இடத்தில் ஒழுகுகிறது.
"அது கட்டடத் தலைப்பு டீச்சர்.
இது கற்றல் உபகரணத் தலைப்பு."
தொலைபேசிக்கு அந்தப் பக்கம்
வெயில் அடித்திருக்க வேண்டும்.

கட்டடத் தலைப்புக்கு எழுதியவை
நீலக் கோப்பில் கிடக்கின்றன.
தோட்டத்துக்கு எழுதினால்
பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது.
அரசாங்கத்துக்கு எழுதினால்
நிலம் தோட்டத்துடையது.
கொழுந்து மடுவத்துக்குப் போன மாதம்
புதுத் தகரம் போட்டார்கள், பச்சை நிறத்தில்.

ஹட்டனில் மூன்று கடையில் விலைமனு எடுத்தோம்,
நானும் மருந்தடிக்கிற பவுன்ராஜும்.
அபிவிருத்திச் சங்கச் செயலாளர் அவர்,
அரைப் பேரை விட்டுவிட்டு வந்திருந்தார்.
உருண்டை ஒன்று, எண்சட்டம் நான்கு,
வெண்கட்டி இரண்டு பெட்டி.
சுவரில் தொங்கியதை அவர்தான் தொட்டார்,
நகத்தால் சுரண்டினார்.
"தண்ணி ஏறாதா முதலாளி?"
"ஏறாது. ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக். பெரிய சைஸ்."
பவுன்ராஜ் என்னைப் பார்த்தார்.
நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

உலகப்படம் ஒன்பது வாங்கினோம்.
ஏழு ஒழுக்குக்கு ஏழு,
ஒன்று சுவருக்கு,
ஒன்று வரப்போகிற ஒழுக்குக்கு.

ஞாயிற்றுக்கிழமை தகப்பன்மார் ஏறிக் கட்டினார்கள்,
படம் கீழே தெரியும்படி,
வளையில் சணல் சுற்றி.
அதிலிருந்து தரம் மூன்று
அண்ணாந்துதான் படிக்கிறது.
மழை நாளில் பசிபிக் தொப்பை போட்டுத் தொங்கும்,
டிலுக்ஷன் தும்புத்தடிக் கம்பால் தள்ளிவிடுவான்,
தண்ணீர் ஜன்னல் ஓரம் விழும்.
கிருஷாந்தினி எந்நாளும்
கிரீன்லாந்துக்குக் கீழேதான் உட்காருவாள்.
அங்கே கொப்பி நனையாது.
ஒருநாள் கேட்டாள்,
"அந்த ஊர்ல மழை பெய்யாதா டீச்சர்?"
பனி என்றேன்.
இங்கேயும் பனிதானே என்றாள்.
பனிக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு
உபகரணம் எதுவும் வாங்கியிருக்கவில்லை.

ஜூனில் கணக்காய்வு வந்தது.
பொருட்பதிவேட்டில் விரல் வைத்து நின்றார்:
அறுபத்துநான்கு பிள்ளைகள், ஒன்பது உலகப்படம்.
"எங்கே?"
மேலே காட்டினேன்.

பார்த்தார்.
வகுப்பு முழுக்க அவரோடு பார்த்தது.
பேனாவைத் திறந்தார், மூடினார்.
அதற்குள் மலைக்கு அப்பாலிருந்து
தேயிலை மேல் நடந்து வருகிற சத்தம் கேட்டது,
தகரத்தில் முதல் கல் மாதிரி விழுந்தது,
பிறகு பேச்சே கேட்கவில்லை.

'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதியதை
அவர் ஒப்பம் வைத்த பிறகுதான் பார்த்தேன்.
மையில் ஒரு துளி.
கதிரையைத் தூக்கிக்கொண்டு
இடம் தேடி இரண்டு கண்டம் தாண்டினார்.

கிருஷாந்தினி
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.