படிவத்தின் பின்பக்கம்

ரத்தப் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம்
கொஞ்சம் வழுவழுப்பு, பென்சில் நிற்காது.
அதில்தான் வரைகிறேன்:
பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வட்டம்,
ஆற்றுக்கு ஒரு நெளிகோடு,
கோட்டைக்கு ஒரு சதுரம்.
(சுவர் இல்லாத கோட்டைக்கு
வேறு என்ன வரைவது?)

ஜுபேதா கேட்டது இதுதான்:
ஏற்காட்டுக்கு பஸ் ஏறாமல்
சேலத்துக்குள்ளேயே
காட்டில் நடந்த மாதிரி ஒரு நடை.
இரண்டு மணி நேரம்.
வழிகாட்டி வேண்டாம், விளக்கம் வேண்டாம்,
ஒன்பது மணி ஷிப்டுக்கு
லேப் திறக்க வந்துவிட வேண்டும்.

முதல் நிறுத்தம் சுகவனேஸ்வரர்.
பெயரிலேயே கிளி இருக்கிறது,
கோபுரத்திலும் இருக்கிறதா என்று பார்க்க
மூன்று நாள் போனேன்.
முதல் நாள் புறா.
இரண்டாம் நாள் புறா.
மூன்றாம் நாள் சுதைப் பொம்மை ஒன்றின்
அக்குளிலிருந்து
பச்சைத் திட்டு ஒன்று கழன்று
செருப்புக் காப்பவர் தலைக்கு மேலே
கத்திக்கொண்டே போயிற்று.
எழுதினேன்:
கிளி. ஒன்று. ஆறு பத்து. பாசிட்டிவ்.

இரண்டாவது, பூ மார்க்கெட்.
இங்கே பூவைப் பார்க்க வேண்டாம்.
சம்பங்கி மூட்டையோடு வேனேறி வந்த
தேனீயைப் பார்க்க வேண்டும்.
எந்தத் தோட்டத்தில் ஏறியதோ,
தராசு வரைக்கும் இறங்கவில்லை.
திரும்பிப் போக அதற்கு வழி தெரியுமா
என்று மூட்டைக்காரரைக் கேட்டேன்.
கிலோ எண்பது என்றார்.

மூன்றாவது, திருமணிமுத்தாறு.
பெயரில் மணி உண்டு, முத்து உண்டு.
பாலத்தில் நின்றால் வருவது வேறு.
'துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்ளவும்'
என்று எழுதி, அடித்தேன்.
'கொக்கைப் பார்க்கவும்' என்று எழுதினேன்.
அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஒற்றைக் காலில்
சலவைக்குப் போட்டு வாங்கின மாதிரி
நிற்கிறது.
மூக்கும் வாயும் அதற்கு ஒன்றுதான்,
பொத்திக்கொண்டால் பட்டினி.

நான்காவது, தூங்குமூஞ்சி மரங்கள்.
சீக்கிரம் போனால் கூம்பிய இலைதான்.
ஆறரைக்கு ஒவ்வொரு காம்பாய் விரியும்,
நைட் ஷிப்ட் முடித்தவள்
கையுறை கழற்றுகிற மாதிரி,
அவ்வளவு மெதுவாக.
அடியில் நிறுத்திய ஆட்டோவில்
ஒருவர் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்.
அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜுபேதாவிடம் கொடுத்தேன்.
மைக்ராஸ்கோப்பில் குனிவதுபோல்
ஒரு கண்ணைச் சுருக்கி வாசித்தாள்.
"மரம் பதினொன்று, பறவை ஏழு.
கழிப்பறை எங்கே?"

அதற்கு இன்னொரு வாரம் போனது.
ஒன்றில் பூட்டு.
ஒன்றின் சாவி வைத்திருப்பவர்
மச்சினன் கல்யாணத்துக்கு ராசிபுரம் போயிருந்தார்.
ஓட்டலில் இருக்கிறது,
சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்.
ஆகவே ஐந்தாவது நிறுத்தம்
இட்லி.

ஆறாவதை நேரில் காட்டுகிறேன் என்று
கோட்டைக்குள் கூட்டிப்போனேன்.
மசூதித் தெருவுக்குப் பின் சந்து,
மூன்றாம் மாடிச் சுவர், குழாய் ஓரம்,
விரிசலுக்குள் கால் நுழைத்து
வெளியே சாய்ந்து நிற்கிற அரசங்கன்று.
மண் இல்லை. யாரும் நட்டதில்லை.
ஏதோ காக்கையின் எச்சம்.
பதினெட்டு இலை, கீழிருந்து எண்ணினேன்.
காற்றில்லாத நேரத்திலும்
இரண்டு ஆடுகிறது.
இதுதான் இந்த நடையின் உச்சம் என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"அது எங்கள் குளியலறை.
அந்த வேரால்தான் சுவர் ஒழுகுகிறது.
வெள்ளிக்கிழமை ஆசிட் ஊற்ற
ஆள் சொல்லியிருக்கிறேன்."

ஒரு வெள்ளிப் பட்டறை வண்டி
கொலுசு மூட்டையோடு எங்களைக் கடந்தது.
சந்து சின்னது,
சுவரோடு ஒட்டி நின்றோம்.

"சரி, நாம் நடக்கிற ஞாயிறு வரை
விட்டுவைக்கிறேன்" என்றாள்.

படிவத்தில் தேதி என்றொரு கட்டம்
முன்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது.
பேனாவை மூடி
பையில் போட்டுக்கொண்டேன்.
எந்த ஞாயிறு என்று
அவளும் கேட்கவில்லை.