காகிதப் பையில் இரண்டு அங்குலம்

பத்தொன்பது வருடம் இரவு வேலை.
இறைச்சிப் பெட்டிகளோடு குளிரறையில் நின்று
விடியும்போது வந்து படுப்பவருக்குப்
பங்குனியில்தான் பகலுக்கு மாற்றம் கிடைத்தது.
"இனி மனிசர் மாதிரி" என்றார் தவநேசன்.
சித்திரையில் கண் மஞ்சள்.

செங்கண்மாரி என்றுதான் நினைத்தேன்.
எட்மன்டனில் கீழ்காய்நெல்லிக்கு எங்கே போவது என்று
நாலு பேருக்கு ஃபோன் அடித்தேன்.
ஸ்கேன் வேறு கதை சொன்னது:
ஈரலுக்குள், பித்தக் குழாய் கிளைபிரியும் இடத்தில்,
கத்தி போக முடியாத கவட்டில்
ஒன்று குந்தியிருக்கிறது.

ஈரக்குலை பதறுது என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
பால் பொங்கியதற்கு, பஸ் தவறியதற்கு.
அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.
பீற்றூட் அவித்த தண்ணீரின் நிறம்.
"இது நித்திரை கொள்ளும் மருந்து" என்றாள் தாதி ஒக்சானா,
"வெளிச்சம் தொட்டால்தான் முழிக்கும்."
இரண்டு நாள் கழித்து வாய் வழியே ஒரு குழாய்,
குழாய்க்குள் தலைமயிர் போல ஒரு நார்,
நாரின் நுனியில் சிவப்பு வெளிச்சம்.
பிறந்ததிலிருந்து இருட்டில் கிடந்த இடத்தில்
பன்னிரண்டு நிமிடம் விளக்கு எரிந்தது.
நான் வெளியே இருந்து
கோப்பி மெஷினின் விலைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சுகமாக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை.
"வழியைத் திறந்து வைக்கும்" என்றார்.
எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை.
கேட்காததை அவர் கவனித்தார்.

மருந்து ஈரலோடு நிற்காதாம்,
தோலிலும் படுத்திருக்குமாம்.
முப்பது நாள் வெயில் ஆகாது.
வந்ததோ ஆனி.
இந்த ஊரில் இரவு பத்து மணிக்கும் சூரியன்
வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.
சமையல் வெள்ளித்தாளை ஜன்னல் முழுக்க ஒட்டினேன்.
கதவிடுக்கில் துவாய்.
ஃப்ரிட்ஜுக்குள் இருந்த பல்பைக்கூடக் கழற்றினேன்.
முன்வீட்டுக்காரன் கஞ்சா வளர்க்கிறோம் என்று நினைத்திருப்பான்.

மூன்றாம் நாள் ஒக்சானா ஃபோனில் ஏசினாள்:
"குகை வேண்டாம். வீட்டு விளக்கு மேலே விழட்டும்.
சின்ன வெளிச்சம் தின்னத் தின்னத்தான்
மிச்ச மருந்து கரையும்."
மூன்று நாளும் கும்மிருட்டில்
சோற்றைத் தடவித் தடவித் தின்றிருக்கிறார் மனிசன்,
ஒரு சொல் சொல்லாமல்,
எனக்குப் பயம் தெளியட்டுமென்று.

முப்பத்தோராம் நாள் பரிசோதனை.
காகிதப் பையில் இரண்டு அங்குலத் துளை,
அதற்குள் கையை விட்டுப்
பத்து நிமிடம் வெயிலில் காட்டு.
ஒரு நாள் பொறுத்துப் பார்:
சிவந்திருந்தால் இன்னும் இரண்டு கிழமை.

சிவந்திருந்தால் என்று அச்சடித்தவர்களுக்கு
எங்கள் நிறம் தெரியாது.
புறங்கை சிவந்து நான் எப்போது கண்டேன்,
மருதோன்றி வைத்த நாள் தவிர?
அதனால் இரண்டு பை வெட்டினேன்.
டோனட் கடைப் பைகள், சீனி ஒட்டியபடி.
ஒன்றில் அவர் கை, மற்றதில் என் கை.
அவருக்குத் தலையோடு போர்வை.
பின்கதவைச் சாண் அளவு திறந்து
கள்ளர் மாதிரி இருவரும் நீட்டிக்கொண்டு நின்றோம்.
பக்கத்து வீட்டு நாய் வந்து
இரண்டு பையையும் மணந்துவிட்டுப் போனது.

இப்போது சமையலறை மேசையில், டியூப் லைட்டின் கீழ்,
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புறங்கை.
வட்டத்தைத் தேடுகிறேன்.
என்னுடையதில் வெங்காயம் வெட்டிய காயம்.
அவருடையதில் ஊசி கன்றிய கருமை,
அது சிவப்பா, கருமையா, என் கண்ணின் கோளாறா?
பெருவிரலால் அழுத்திக் கேட்டேன்:
"எரியுதே?"

"சூடாக் கிடக்கு."

மூச்சை விடவில்லை நான்.

"அரை மணித்தியாலமாப் பிடிச்சுக்கொண்டு நிண்டால்
சூடாத்தானே இருக்கும்.
விடும் கையை."

இன்னும் பார்த்து முடியவில்லை என்றேன்.